ஒரே வேதம், இரண்டு பிரசங்கம்: செல்வத்தைப் பற்றிய வசனங்கள் ஏன் முட்டிக்கொள்கின்றன?

காவிரி டெல்டாவில் ஒரே குடும்பம் ஒரே வாரத்தில் இரண்டு விதமான பிரசங்கம் கேட்பது சாதாரணமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் உபாகமம் 28 வாசிக்கப்படுகிறது: கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார், நீ கடன் கொடுப்பாய், கடன் வாங்கமாட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மாற்கு 10: “ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைப்பார்க்கிலும், ஒட்டகமானது ஊசியின் காதிலே நுழைவது எளிதாயிருக்கும்.” இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. வீடு திரும்பும்போது பலருக்கும் எழுகிற கேள்வி நியாயமானது: நாங்கள் கொஞ்சம் முன்னுக்கு வருவது தேவனுக்குப் பிரியமா, ஆத்துமாவுக்கு ஆபத்தா?

குறுவை கருகிப்போனவருக்கும் சம்பா மூழ்கிப்போனவருக்கும் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வருகிறது. செல்வம் விசுவாசத்தின் பலன் என்றால், நஷ்டம் எதன் பலன்?

இந்த முரண்பாட்டை மழுப்பாமல் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

ஆவிக்குரிய வளர்ச்சி: ஒருவர் தேவனிடத்திலும் பிறரிடத்திலும் கொள்ளும் அன்பு, நம்பிக்கை, நேர்மை ஆகியவற்றில் முதிர்வது.

செழிப்பு உபதேசம்: உடல்நலமும் பொருள்வளமும் விசுவாசிக்கு உரிய பங்கு, விசுவாசத்தோடு காணிக்கை ‘விதைத்தால்’ அவை பெருகித் திரும்பும் என்ற போதனை. இன்றைய வடிவில் இது 20-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவாகி, பெரிய கூட்டங்கள், தொலைக்காட்சி வழியாக உலகெங்கும் பரவியது.

தசமபாகம்: விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு.

யூபிலி: ஐம்பதாம் ஆண்டு. கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டிய ஆண்டு.

கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே உபாகமம் என்று வருவது திருவிவிலியத்தில் இணைச்சட்டம், லேவியராகமம் லேவியர், அப்போஸ்தலர் திருத்தூதர் பணிகள்.

நிலம் யாருடையது?

பழைய ஏற்பாட்டில் செல்வம் என்றவுடன் பணம் வருவதில்லை. நிலம், மழை, ஆடுமாடு, களத்தில் குவியும் தானியம், இவைதான் செல்வம். எனவே இந்தப் பகுதி டெல்டாக்காரருக்கு அந்நியமே இல்லை.

அதன் அடிக்கல் லேவியராகமம் 25:23. “தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்.” அதே அதிகாரம் நிலத்துக்கு விலை போடும் முறையையும் சொல்கிறது. அடுத்த யூபிலிக்கு எத்தனை அறுவடை பாக்கி இருக்கிறதோ அதைக் கணக்கிட்டு விலை. ஆண்டுகள் அதிகமென்றால் விலை கூடும், குறைவென்றால் குறையும். நம் பேச்சில் சொன்னால் அது கிரயம் இல்லை, நீண்டகாலக் குத்தகை. எவ்வளவு வசதியானவரும் நிரந்தர மிராசு ஆகிவிட முடியாது. எவ்வளவு நொடித்தவரின் பிள்ளைகளும் நிரந்தரமாக நிலமற்றவர்களாக இருந்துவிடக் கூடாது. இந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததாக வேதத்தின் வரலாற்று நூல்கள் எங்கும் சொல்லவில்லை. அதனால் அதன் கூர்மை குறைந்துவிடவில்லை.

அடுத்தது உபாகமம் 15. செல்வத்தைப் பற்றிய வேதத்தின் இழுபறி முழுவதும் இந்த ஒரே அதிகாரத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது என்றே சொல்வேன்.

1. நான்காம் வசனம்: உங்களுக்குள் எளியவன் இருக்கமாட்டான், கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்.

2. பதினோராம் வசனம்: தேசத்திலே எளியவர்கள் இல்லாதிருப்பதில்லை, ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திற.

3. இரண்டுக்கும் நடுவில் ஏழாண்டுக்கு ஒருமுறை கடன் தள்ளுபடி. ‘ஏழாம் வருஷம் நெருங்கிவிட்டது, இப்போது கொடுத்தால் திரும்பாது’ என்று நினைத்து ஏழைக்குக் கடன் மறுப்பது பாவம் என்று ஒன்பதாம் வசனம் வெளிப்படையாகவே சொல்கிறது. கடன் கொடுப்பவரின் மனம் எப்படி ஓடும் என்று சட்டம் எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. (பிற்காலத்தில் கடன் கிடைப்பதே நின்றுபோன நிலையில், கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துத் தள்ளுபடியிலிருந்து காக்கும் ஏற்பாட்டை யூத ரபி ஹில்லேல் கொண்டுவர வேண்டியிருந்தது.)

4. அடிமையை விடுதலை செய்யும்போது வெறுங்கையாய் அனுப்பக் கூடாது. மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் திராட்சை ஆலையிலிருந்தும் எடுத்துக் கொடுக்க வேண்டும் (13, 14).

நான்காம் வசனமும் பதினோராம் வசனமும் முட்டுவதுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேலை வேறு. முதலாவது இலக்கு, இரண்டாவது இன்றைய நிலை; நடுவில் இருப்பது இன்றைய நிலையிலிருந்து இலக்குக்குப் போகும் வழி. அந்த வழியை எடுத்துவிட்டு ஆசீர்வாதத்தை மட்டும் வாசித்தால் அது செழிப்பு உபதேசம் ஆகிறது. வழியை எடுத்துவிட்டு ‘ஏழைகள் எப்போதும் இருப்பார்கள்’ என்பதை மட்டும் வாசித்தால் அது கைவிரிப்பு ஆகிறது.

கேட்பவர் யார்?

உபாகமம் 28-ன் ஆசீர்வாதங்களைக் கேட்டு நிற்பவர்கள் எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் பிள்ளைகள். சொந்த வயல், சொந்தத் தொட்டியில் பிசைந்த மாவு, சொந்தக் கூடையில் தானியம் என்பதெல்லாம் அவர்களுக்கு ஆடம்பரமில்லை, விடுதலையின் உருவம். இதே ஜனம் நிலத்தில் வேரூன்றி, சிலர் பலருடைய பங்கையும் வளைத்த பிறகு ஏசாயா வருகிறார்: வீட்டோடே வீட்டைச் சேர்த்து, வயலோடே வயலைக் கூட்டுகிறவர்களுக்கு ஐயோ (5:8). ஆமோஸ் வருகிறார்: மரக்காலைக் குறைத்து, கள்ளத்தராசினால் வஞ்சித்து, தானியத்தின் பதரை விற்கிறவர்கள் (8:5, 6). நெகேமியா 5-ல் பஞ்சத்துக்குத் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடமானம் வைத்தவர்களின் கூக்குரல் கேட்கிறது; நெகேமியா அந்தச் சொத்துகளை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்.

ஆக, நிலத்தை ஆசீர்வாதம் என்று சொன்ன அதே வேதம், நிலத்தின் மேல் ஐயோ என்றும் சொல்கிறது. மாறியது கேட்பவர் நிற்கும் இடம்.

டெல்டாவில் இதை மறந்து பேசவே கூடாது. தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் என்ற நிலையிலிருந்து உழைப்பாளிகளைக் காக்க 1952-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. இங்குள்ள பல சபைகளின் மூத்த உறுப்பினர்கள் அந்தத் தலைமுறையின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மகள் செவிலியர் படிப்பு முடித்தது, மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் கூரை வீடு மாடி வீடானது என்று அவர்கள் சாட்சி சொல்லும்போது, ‘உலகப்பொருளை நேசிக்காதே’ என்று யாராவது குறுக்கிட்டால், அவர் வசனத்தைத் தவறான விலாசத்துக்கு அனுப்புகிறார். அந்த வீட்டுக்குரிய வசனம் உபாகமம் 15:13. வெறுங்கையாய் அனுப்பப்பட்டவர்களுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது அது.

செல்வம் நற்சான்றிதழ் ஆகுமா?

நீதிமொழிகளில் இரண்டு குரலும் பக்கத்துப் பக்கத்தில் உண்டு. கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும் (10:22). தன் ஐசுவரியத்தை நம்புகிறவன் விழுவான் (11:28). கடைசியில் ஆகூர் என்பவரின் ஜெபம் இரண்டையும் தாண்டிப் போகிறது. தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிரும், என் படியை எனக்கு அளந்து போஷித்தருளும் என்று அவர் கேட்கிறார் (30:8). நிறைந்துவிட்டால் ‘கர்த்தர் யார்’ என்று கேட்டுவிடுவேன், இல்லாமற்போனால் திருடுவேன் என்று காரணத்தையும் சொல்கிறார். வறுமையும் ஆத்துமாவைக் கெடுக்கும் என்று ஒளிவில்லாமல் ஒப்புக்கொள்ளும் ஜெபம் இது. வறுமையைப் புனிதமாக்கிப் பேசுகிறவர்கள் இதை அடிக்கடி வாசிக்க வேண்டும்.

யோபு இன்னும் ஆழமாகப் போகிறார். 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர்மாடு, 500 கழுதை உள்ளவர் எல்லாவற்றையும் இழக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் சொல்வது உபாகமம் 28-ன் தர்க்கம்தான்: நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இப்படி நடக்காது. கடைசி அதிகாரத்தில் தேவன் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களிடம். என்னைக் குறித்து நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபுவின் ஆடுமாடு இரட்டிப்பாகத் திரும்புவது அதன் பிறகு. இரட்டிப்பை மட்டும் பிரசங்கித்து நண்பர்கள் வாங்கிய கண்டனத்தை விட்டுவிட்டால், பிரசங்கிப்பவரே அந்த நண்பர்களின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

நம் கடற்கரை இதை நேரில் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்திருந்த திருப்பயணிகளும் அதில் இருந்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பத்திருபது வருஷம் பிள்ளைபோல வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. யாருடைய விசுவாசம் குறைந்ததால் யாருடைய மரம் விழுந்தது? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசியபோது இயேசு இதே கேள்வியை எடுத்து, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரிலும் பாவிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4, 5).

பேரிடர் பாதித்தவரிடம் போய்ச் செழிப்பின் கணக்கைப் பேசுவது கொடுமை. அதை வேதம் அனுமதிக்கவில்லை.

இயேசு எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுத்தாரா?

இல்லை. சுவிசேஷங்களில் வசதியுள்ளவர்கள் இயேசுவைச் சந்திக்கும் இடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

1. ஆஸ்தியுள்ள மனிதர் (மாற்கு 10:17-22). கற்பனைகளையெல்லாம் (தேவகட்டளைகளை) சிறுவயது முதல் கைக்கொண்டவர். உனக்குண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு அவரிடம் சொல்கிறார். அவர் துக்கத்தோடே போய்விடுகிறார். இயேசு அவரிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு குறித்து வைத்திருக்கிறார். கட்டளை அந்த அன்பிலிருந்து வந்தது.

2. சகேயு (லூக்கா 19:1-10). ஆயக்காரர் (வரி வசூலிப்போர்) தலைவர். பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்கிறார். முழுவதும் கொடுக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு.

3. யோவன்னாள், சூசன்னாள் முதலான பெண்கள் (லூக்கா 8:3). தங்கள் ஆஸ்தியால் இயேசுவின் ஊழியத்தைத் தாங்கினார்கள்.

4. அரிமத்தியா ஊர் யோசேப்பு. ஐசுவரியவான் என்று மத்தேயு சொல்லும் சீஷர். இயேசுவின் உடல் வைக்கப்பட்டது இவருடைய கல்லறையில்.

5. ஏழை லாசரு யாருடைய வாசலில் கிடந்தாரோ அந்தச் செல்வந்தர் (லூக்கா 16:19-31). லாசருவை அடித்தார், ஏமாற்றினார் என்று கதையில் எங்கும் இல்லை. தினமும் தன் வாசலில் கிடந்தவரைத் தாண்டிப் போனார், அவ்வளவுதான். அதற்கே தீர்ப்பு.

லூக்கா 18-ல் ஒருவர் தோற்றுத் திரும்புகிறார், 19-ல் ஒருவர் மரத்திலிருந்து இறங்கி வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த எழுத்தாளர், சதவீதக் கணக்கை நாம் தேடக் கூடாது என்றுதான் அப்படி வைத்தார் என்று நினைக்கிறேன். செல்வம் எங்கிருந்து வந்தது, எங்கே தேங்கி நிற்கிறது, வாசலில் யார் கிடக்கிறார் என்ற மூன்றும் ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கப்படுகின்றன.

தேங்குவதைப் பற்றிய கதை லூக்கா 12-ல் இருக்கிறது. அது தொடங்குவதே பாகப்பிரிவினைத் தகராறில்: போதகரே, ஆஸ்தியை என்னோடு பாகம் பிரிக்கச் சொல்லும் என்று ஒருவர் அண்ணன் தம்பி வழக்கைக் கொண்டுவருகிறார். இயேசு வழக்கை எடுக்காமல் கதை சொல்கிறார். ஒரு விவசாயிக்கு அமோக விளைச்சல். திருட்டு இல்லை, கூலிப் பாக்கி இல்லை, குற்றம் எதுவுமே கதையில் இல்லை. என் களஞ்சியம், என் தானியம், என் பொருள், என் ஆத்துமா என்று தன்னோடு மட்டுமே பேசுகிறார். பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம். அன்று இரவே உயிர் போகிறது. பத்தாயம் நிறைந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மனிதரை நன்றாகத் தெரியும். கெட்டவர் என்று ஊரில் யாரும் அவரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கதையின் உறுத்தலே அங்கேதான்.

ஊசியின் காதைப் பற்றி ஒரு வார்த்தை. எருசலேமில் ‘ஊசிக்கண் வாசல்’ என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி முழங்காலிட்டால் நுழைந்துவிடும் என்ற விளக்கத்தைப் பல மேடைகளில் கேட்கலாம். முதல் நூற்றாண்டில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. சீஷர்கள் வாயடைத்துப்போய், அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று கேட்கிறார்கள். முழங்காலிட்டால் போதும் என்பது பதிலாக இருந்திருந்தால் அந்தத் திகைப்புக்கு இடமே இல்லை. மனுஷரால் கூடாதது, தேவனால் கூடும் என்பதுதான் இயேசுவின் பதில்.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் மூன்று வசனங்கள்

செழிப்பு உபதேசம் பெரும்பாலும் மூன்று தூண்களில் நிற்கிறது. மூன்றையும் முன்பின் வசனங்களோடு வாசிக்க வேண்டும்.

1. மல்கியா 3:10. தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன். அந்தப் பண்டசாலை ஆலயத்தின் தானியக் கிடங்கு. ஆலயப் பணி செய்த, நிலம் இல்லாத லேவியரின் உணவு அங்கிருந்துதான். ஐந்து வசனம் முன்னால், 3:5-ல், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவையையும் திக்கற்றவனையும் பரதேசியையும் (பிழைக்க வந்த அந்நியரையும்) ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாய்த் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்கிறார் தேவன். கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு தசமபாகம் செலுத்துகிறவருக்குப் பத்தாம் வசனத்துக்கு முன்பே ஐந்தாம் வசனம் வந்துவிடுகிறது.

2. மாற்கு 10:30. எனக்காக விட்டுவிட்டவன் நூறத்தனையாக வீடுகளையும் நிலங்களையும் அடைவான். முழுப் பட்டியலையும் பாருங்கள்: வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்மார், பிள்ளைகள், நிலங்கள், கூடவே துன்பங்கள். யாருக்கும் நூறு தாய் பிறப்பால் கிடைப்பதில்லை. சபை என்ற குடும்பத்தில் நூறு வீட்டுக் கதவு திறக்கும், நூறு தாய்மார் சோறு போடுவார்கள் என்பதே பொருள். அப்போஸ்தலர் 2-ம் 4-ம் காட்டும் சபை இதை வாழ்ந்து பார்த்தது. துன்பங்கள் என்ற சொல்லைப் பிரசங்கத்தில் விழுங்கிவிடுவது நேர்மையாகாது.

3. 3 யோவான் 2. உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன். இது காயு என்பவருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்க வாழ்த்து. அன்பான வாழ்த்து. அதை எல்லாருக்குமான வாக்குத்தத்தமாக மாற்ற அந்தக் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா?

எருசலேம் சபையில் நிலமும் வீடும் உடையவர்கள் விற்றுக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குள் குறைவுபட்டவன் ஒருவனும் இல்லை (அப்போஸ்தலர் 4:34). உபாகமம் 15:4-ன் இலக்கு அங்கே ஒருமுறை கைக்கு எட்டியது. அது கட்டாயப் பறிமுதல் இல்லை. விற்குமுன் உன்னுடையதாயிருந்ததல்லவா என்று பேதுரு, நிலம் விற்ற அனனியாவிடம் கேட்கிறார் (5:4). அனனியாவின் குற்றம், ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுவதும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்ட பொய்.

கொரிந்துவுக்கு எழுதும்போது பவுல் அளவுகோலையே தருகிறார். மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்று கேட்கவில்லை, சமநிலை வேண்டும் என்கிறார். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை என்ற, வனாந்தரத்தில் கிடைத்த மன்னா உணவின் கதையை எடுத்துக் காட்டுகிறார் (2 கொரிந்தியர் 8:13-15). கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பது பாதிச் செய்திதான் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். தலைமடையில் இருப்பவர் தேவைக்கு மேல் மடையைத் திறந்து வைத்தால், திருத்துறைப்பூண்டியிலும் வேதாரண்யத்திலும் நாற்று காய்கிறது. அதற்காகத் தண்ணீரே பாவம் என்று யாரும் சொல்வதில்லை. பவுல் கேட்பது அந்தக் கடைமடைக் கேள்வியை.

யாக்கோபு இன்னும் நேராகப் பேசுகிறார். “உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” (5:4). இந்த வசனத்தைக் கீழ்த்தஞ்சையில் வாசிக்கும்போது கீழ்வெண்மணியை நினைக்காமல் கடக்க முடியாது. நெல் அறுவடைக் கூலி உயர்வு கேட்டுத் தொடர்ந்த போராட்டத்தின் நடுவில், 1968 டிசம்பர் 25 இரவு, தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அன்று கிறிஸ்துமஸ். அறுத்தவர்களின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று அதே வசனம் முடிகிறது. டிசம்பர் 25-ல் கொண்டாடும் சபைகள் அந்தக் கூக்குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதே மண்ணில் வேறு விதமான நினைவுகளும் உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, டேனிஷ் தளபதியோடு பகைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம், கடன் வழக்கு ஒன்றில் விதவை ஒருத்தியின் பக்கம் நின்றது. நான்கு மாதம் சிறையில் இருந்தார். ஐதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டை பட்டினியில் கிடந்தபோது, நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும் குடியானவர்கள் கொண்டுவரவில்லை; முன்பு கொடுத்ததற்குப் பணம் வந்திருக்கவில்லை. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் தன் வாக்கைப் பிணையாக வைத்த பிறகுதான் வண்டிமாடு வந்தது. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) தன் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி நடத்தினார். மூவருடைய செயலிலும் யாக்கோபு 5:4-க்கு ஒரு பதில் இருக்கிறது.

இரண்டு பழைய பதில்கள்

அலெக்சாந்திரியா கிளெமெந்து, கி.பி. 200-ஐ ஒட்டி, எந்த ஐசுவரியவான் இரட்சிக்கப்படுவான் என்ற கேள்விக்கே ஒரு நூல் எழுதினார். எல்லாரும் எல்லாவற்றையும் எறிந்துவிட்டால் பசித்தவருக்கு யார் சோறிடுவது என்பது அவருடைய வாதம். பற்றைத்தான் முதலில் எறிய வேண்டும் என்றார். சில பத்தாண்டுகள் கழித்து எகிப்தின் அந்தோணியார் ‘உனக்குண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு’ என்ற வசனத்தை ஆலயத்தில் கேட்டு, பெற்றோர் விட்டுச்சென்ற நல்ல நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டுத் துறவு பூண்டார். சபை இருவரையும் மதித்தது. ஆனால் கிளெமெந்தின் பதில் வசதியானவர்களுக்குச் சுலபமாகச் சாக்காகிவிடும். மனதில் பற்றில்லை என்று சொல்லிக்கொண்டு பெட்டியைப் பூட்டியே வைத்திருக்கலாம். அந்தோணியார் அவர் பக்கத்திலேயே நிற்பது அதனால் நல்லது.

இது எங்கே உறைக்கிறது

அறுப்பின் பண்டிகையை எடுத்துக்கொள்ளலாம். ஆலயத்துக்குள் வாழைத்தார், பூசணி, தேங்காய்க் குலை, கால் கட்டிய நாட்டுக்கோழி, மரக்காலில் நெல். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஒற்றைத் தேங்காய் ஆயிரக்கணக்கில் போகும், எடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் வரும். அது கொடுப்பவரின் மகிழ்ச்சி, ஊரின் மகிழ்ச்சி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே காலையில் நடவுக் கூலிக்காரப் பெண் ஒருத்தி சுருக்குப்பையிலிருந்து எடுத்துப் போட்ட மடித்த பத்து ரூபாய்க்கு ஒலிபெருக்கி கிடையாது. இரண்டு காசு போட்ட விதவையை இயேசு கவனித்தார் என்று நாம் ஆறுதல் சொல்வோம். மாற்கு 12-ல் அதற்கு முந்தின பேச்சு என்ன? விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைக் கண்டிப்பது. அவளைப் போல எல்லாரும் கொடுங்கள் என்று இயேசு அந்த இடத்தில் சொல்லவும் இல்லை. கடைசிக் காசையும் போட வேண்டிய நிலையில் அவளை வைத்தது யார் என்ற கேள்வி அந்தப் பக்கத்திலேயே கிடக்கிறது.

இதிலிருந்து நடைமுறையில் சில விஷயங்கள் வெளிப்படையாகின்றன.

1. கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்க வேதம் கேட்கவில்லை. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் (2 கொரிந்தியர் 8:12). குழுக் கடன் தவணையை நிறுத்தி ‘விதைக்க’ச் சொல்லும் குரலுக்கு இந்த வசனமே மறுப்பு.

2. தேவபக்தியை ஆதாயத்தொழிலாக எண்ணுகிறவர்களை விட்டு விலகு என்று 1 தீமோத்தேயு 6:5 சொல்கிறது. அதே அதிகாரத்தின் 17-ம் வசனம், நாம் அனுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர் தேவன் என்கிறது. நல்ல வீடு கட்டியவர் வெட்கப்பட வேண்டாம். அதை ஆவிக்குரிய தரத்துக்கு அத்தாட்சியாகக் காட்டவும் வேண்டாம்.

3. வறுமை பாக்கியம் என்று வசதியுள்ளவர் ஏழையிடம் பேசத் தகுதியில்லை. சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லி ஒன்றும் கொடுக்காதவரை யாக்கோபு 2:16 கேட்கிறது: பிரயோஜனமென்ன?

4. ஸ்மிர்னா சபை தரித்திரத்தில் இருந்தும் ஐசுவரியமுள்ளது. லவோதிக்கேயா எனக்கு ஒன்றும் குறைவில்லை என்று சொல்லியும் தரித்திரமுள்ளது (வெளிப்படுத்தல் 2:9, 3:17). வேதத்தின் கடைசிப் புத்தகத்திலேயே பொருள்வளமும் ஆவிக்குரிய வளர்ச்சியும் தனித்தனியாக அளக்கப்படுகின்றன.

இன்னொரு விவரம், தசமபாகப் பிரசங்கங்களில் அநேகமாக விட்டுப்போவது. உபாகமம் 14:28, 29-ன்படி மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் எருசலேமுக்குப் போகாது, ஊர்வாசலுக்குள்ளேயே வைக்கப்படும். லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகிய நால்வரும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும். தன் சபையின் ஆண்டுக் கணக்கில் இந்த நால்வருக்குப் போன தொகை எவ்வளவு என்று சந்தா கட்டும் உறுப்பினர் ஒருவர் கேட்பது நியாயமே. பரதேசி யார் என்று தேட வேண்டியதில்லை: நடவுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்து, வயலோரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் இப்போது டெல்டாவின் பல ஊர்களில் இருக்கிறார்கள்.